மலையேற மறுத்த வேன்

கால்காவிலிருந்து சிம்லாவுக்குச் செல்லும் மலைச் சாலையில் வண்டியொன்று ஏறத்தாழ 650 மீட்டர் உயரத்திலிருந்து 2,200 மீட்டர் உயரத்துக்கு ஏற வேண்டும். சில ஆண்டுகளுக்கு முன், கோடை விடுமுறையில் பன்னிரண்டு பேரை ஏற்றிக்கொண்டு அவ்வழியே சென்ற பழைய டீசல் வேன் ஒன்று, தரம்பூரைத் தாண்டியதும் மேலே ஏற மறுத்துவிட்டது. நின்றுவிட்டது என்று சொல்வதற்கில்லை. எஞ்சின் ஓடிக்கொண்டுதான் இருந்தது. ஆயினும் ஆக்சிலேட்டரை எவ்வளவு அழுத்தினாலும் இரண்டாவது கியரைவிட்டு மூன்றாவதற்கு மாற இயலவில்லை. பின்புறம் கரும்புகை எழுந்தது. ஏற்றங்களில் வழக்கமாகக் கேட்கும் மெல்லிய சீழ்க்கை ஒலி அன்று கேட்கவே இல்லை.

வேனுக்கு உரியவர் நம் நண்பர். திருநெல்வேலிச் சீமையிலிருந்து சண்டிகருக்கு வந்து குடியேறி, பள்ளிப் பிள்ளைகளை ஏற்றியிறக்கியும், விடுமுறை நாட்களில் மலையூர்களுக்குச் சவாரி சென்றும் குடும்பம் நடத்துபவர். பயணிகளை வேறு வண்டியில் ஏற்றி அனுப்பிவிட்டு, வேனை மெல்ல இறக்கி அடிவாரத்துப் பட்டறை ஒன்றில் விட்டார். அங்கே எஞ்சின் மூடியைத் திறந்து ஐந்து நிமிஷம் பார்த்துவிட்டு, "டர்போ பதல்னா படேகா" என்று தீர்ப்பளித்துவிட்டார்கள். டர்போவையே மாற்ற வேண்டும் என்பது அதன் பொருள். கேட்ட தொகை நண்பரின் மூன்று மாத வருமானம். அன்றிரவு தொலைபேசியில் அவர், "அண்ணாச்சி, அவங்க சொல்றது சரியா தப்பான்னுகூட எனக்குக் கேட்கத் தெரியலையே" என்றார். அந்தச் சொல் நம் மனத்தைத் தைத்தது. வண்டியின் நோய் பாதி, அந்நோயைப் பிற மொழியில் விவரிக்க இயலாமை பாதி என்பது, வெளி மாநிலங்களில் வண்டியோட்டிப் பிழைக்கும் நம்மவர் பலருக்கும் பழகிய துன்பம். மறுநாள் நாமும் உடன் சென்றோம்.

அங்கே நிகழ்ந்ததைக் கூறுமுன், டர்போ என்பது யாது என்று சற்றுப் பார்த்துக்கொள்வது நலம்.

எஞ்சின் எரிபொருளை மட்டும் உண்பதன்று, காற்றையும் உண்பது. காற்று மிகுதியாக உட்சென்றால் மிகுதியான டீசலை முழுமையாக எரிக்கலாம், சக்தியும் மிகும். எரிந்து வெளியேறும் புகையில் வீணாகப் போகும் விசையைக் கொண்டே ஒரு சக்கரத்தைச் சுழற்றி, அதே அச்சின் மறுமுனையிலுள்ள மற்றொரு சக்கரத்தால் காற்றை அழுத்தி எஞ்சினுக்குள் செலுத்தலாம் என்று கண்டு, 1905இல் காப்புரிமை பெற்றவர் ஸ்விட்ஸர்லாந்து நாட்டுப் பொறியியலார் ஆல்ஃப்ரெட் பியூக்கி. உயரம் செல்லச் செல்லக் காற்று மெலிகிறதன்றோ? சிம்லாவின் உயரத்தில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் உள்ளதில் முக்கால் பங்குக்குச் சற்றே அதிகம், அவ்வளவுதான். இக்குறையை ஈடுசெய்யவும் டர்போ உதவும் என்பதை 1918இல் அமெரிக்காவில் ஸான்ஃபோர்ட் மாஸ் என்பவர், ஒரு விமான எஞ்சினை 4,300 மீட்டர் உயரமுள்ள பைக்ஸ் சிகரத்துக்குக் கொண்டுசென்று ஓட்டி மெய்ப்பித்தார். இன்று நம் சாலைகளில் ஓடும் டீசல் வேன்களில் பெரும்பாலானவற்றில் இச்சாதனம் உண்டு. அதன் அச்சு நிமிஷத்துக்கு ஒரு லட்சம் சுற்றுகளுக்கும் மேல் சுழலக்கூடியது.

இங்கேதான் ஒரு சிக்கல் எழுகிறது. புகை மிகுந்தால் சக்கரம் வேகமாகச் சுழலும். சுழன்றால் காற்று மிகும். காற்று மிகுந்து எரிபொருளும் மிகுந்தால் புகை மேலும் மிகும். கட்டுப்பாடு ஒன்று இல்லாவிடில் இஃது எல்லை கடந்துவிடும். அக்கட்டுப்பாடுதான் வேஸ்ட்கேட். மொழிபெயர்ப்பைத் தொழிலாகக் கொண்ட நாம் இதைக் 'கழிவு வாயில்' என்று முதலில் எழுதினோம். எழுதிய கையோடு அடித்தும்விட்டோம். கழிவு போகும் வழி என்று பொருள்படுமேயன்றி, அதன் வேலை விளங்காது. நம் ஊர்ப்புறங்களில் இதற்கு நேரான சொல் முன்னமே இருக்கிறது. ஏரிக்குக் கலிங்கு இருக்கிறதல்லவா? சில ஊர்களில் கலுங்கு என்பார்கள். ஏரி நிரம்பும் வரை அதன் வழியே ஒரு சொட்டு நீரும் போகாது. நிரம்பியபின் வரும் மிகுதி நீர், கரையை உடைக்காமல் அதன் வழியே வழிந்துவிடும். டர்போவின் கலிங்கும் அத்தகையதே. புகை செல்லும் பாதையில் சிறிய துளையொன்றும் அதை மூடும் இரும்புத் தகடொன்றும் உள்ளன. காற்றழுத்தம் குறித்த அளவை எட்டியதும் தகடு திறக்க, மிகுதிப் புகை சக்கரத்தைத் தொடாமல் நேரே புகைக்குழாய்க்குப் போய்விடும்.

தகட்டைத் திறப்பது எது? டர்போவின் பக்கத்தில் சிறு சம்புடம் போன்ற ஓர் உருளை பொருத்தப்பட்டிருக்கும். ஆக்சுவேட்டர் என்று பட்டறைகளில் கூறுவது இதையே. அதனுள் ரப்பர்ச் சவ்வும் வலுவான சுருள்வில்லும் உள்ளன. டர்போ அழுத்தித் தரும் காற்றில் சிறிதளவு, மெல்லிய ரப்பர்க் குழாய் ஒன்றின் வழியே இவ்வுருளைக்குள் வரும். அழுத்தம் வில்லின் வலுவை மிஞ்சும்போது சவ்வு நகர்ந்து, தன்னோடு இணைந்த தண்டை வெளியே தள்ளும். தண்டின் முனை ஒரு நெம்புகோலில் மாட்டப்பட்டிருக்கிறது. நெம்புகோலின் அச்சு வார்ப்பிரும்பு உறையைத் துளைத்து உட்சென்று தகட்டைத் திருப்பும். பழைய வேன்களில் மின்னணு நுட்பம் ஒன்றும் இல்லாமல் இவ்வளவே உண்டு.

நோய் பிறக்குமிடம் பெரும்பாலும் அந்த நெம்புகோல் அச்சுதான். பாரத்தோடு ஏறும்போது டீசல் எஞ்சினின் புகை 600 டிகிரி செல்ஷியஸையும் தாண்டிக் கொதிக்கும். அவ்வுஷ்ணத்தில் எண்ணெயோ கிரீஸோ தங்காது. ஆகவே அச்சு உலர்ந்த உலோகத்தின்மேல் உலர்ந்த உலோகமாகவே திரும்ப வேண்டியிருக்கிறது. அதன் மீது புகைக்கரி படிகிறது. வண்டி மழைக்காலத்தில் ஓடாமல் நின்றால் துரு ஏறுகிறது. நகருக்குள் இரண்டு மூன்று கிலோமீட்டர் ஓடி நின்று, மறுபடி ஓடி நிற்கும் வண்டியில் கலிங்கு திறக்கும் அளவுக்கு அழுத்தமே எழுவதில்லை. மாதக்கணக்கில் அசையாத அச்சு அசையவே முடியாமல் இறுகிவிடுகிறது. பள்ளி வேன்களுக்கு இஃது ஏற்படுவதில் வியப்பில்லை.

இறுகுவதிலும் இரு வகை உண்டு. இரண்டின் விளைவும் நேர்மாறானவை. திறந்த நிலையில் இறுகினால், உடைந்த கலிங்குடைய ஏரி நிரம்பாதது போல, டர்போ எவ்வளவு முயன்றாலும் காற்றழுத்தம் எழாது. வண்டி சமவெளியில் ஒருவாறு ஓடும், ஏற்றத்தில் தவிக்கும். காற்றில்லாத டீசல் கரும்புகையாகப் போகும்; எரிபொருள் செலவு ஏறும். காற்றழுத்தத்தை உணர்ந்து டீசலைக் குறைக்கும் பம்புள்ள வண்டிகளில் புகை அவ்வளவு இராது. சோர்வு மட்டும் தெரியும்.

மூடிய நிலையில் இறுகுவதோ வேறு கதை. முதலில் வண்டி முன்னைவிட வலுவாக இழுப்பதாகத் தோன்றும். ஓட்டுபவர் மகிழவும் கூடும். மின்னணு முறையில் டீசலைச் செலுத்தும் பிற்காலத்து வண்டிகளில், அழுத்தம் எல்லை மீறியதைக் கருவி உணர்ந்து சக்தியைச் சட்டென்று குறைத்துவிடும், விளக்கொன்றும் எரியும். எஞ்சினை நிறுத்தி மறுபடி கிளப்பினால் சரியாகிவிட்டது போலிருந்து, அடுத்த ஏற்றத்தில் அதே தொல்லை வரும். பழைய எஞ்சின்களில் இப்பாதுகாப்பு இல்லை. அவற்றில் காற்றுக்குழாய் பிய்த்துக்கொள்ளும், சிலிண்டர் தலைக்கு அடியிலுள்ள காஸ்கெட் வெடிக்கும், பிஸ்டனும் பழுதாகலாம். மலைச்சாலை வளைவு ஒன்றில், முந்திச் செல்லும் வேளையில் இது நேர்வதை எண்ணிப் பார்த்தால் போதும்.

ஆயினும், ஏறாத வண்டிக்கெல்லாம் கலிங்கே காரணம் என்று முடிவுகட்டிவிடலாகாது. காற்று வடிகட்டி அடைத்திருக்கலாம். டீசல் வடிகட்டியில் நீர் சேர்ந்திருக்கலாம். டர்போவிலிருந்து எஞ்சினுக்குச் செல்லும் பெருங்குழாயில் கீறல் விழுந்திருக்கலாம், அல்லது அதன் வளையம் தளர்ந்திருக்கலாம். அப்பொழுது சீழ்க்கைக்குப் பதில் புஸ்ஸென்ற ஓசை கேட்கும், அவ்விடத்தில் எண்ணெய்ப் பசையும் புழுதியும் ஒட்டியிருக்கும். கிளட்ச் தேய்ந்து வழுக்கினால் எஞ்சின் வேகம் ஏறும், வண்டி வேகம் ஏறாது. இவை யாவும் மலிவானவை. முதலில் பார்க்க வேண்டியவையும் இவையே.

டர்போ உண்மையிலேயே கெட்டிருந்தால் அதற்கும் அடையாளம் உண்டு. எஞ்சின் நின்று ஆறியபின், காற்று நுழையும் குழாயைக் கழற்றிச் சக்கரத்தின் நடு முனையை விரலால் பிடித்துப் பார்க்கலாம். தாராளமாகச் சுழல வேண்டும். பக்கவாட்டில் மிகச் சிறிய ஆட்டம் இயல்பே. ஆனால் இறக்கைகள் உறையைத் தொட்டு உராய்ந்த தழும்பு இருந்தாலோ, முன்னும் பின்னும் தெளிவாக ஆடினாலோ, குழாயினுள் எண்ணெய் தேங்கி நின்று பின்னால் நீலப்புகை வந்தாலோ டர்போவின் ஆயுள் முடிந்ததென்று கொள்ளலாம். குழாயில் மெல்லிய எண்ணெய்ப் படலம் மட்டும் இருப்பது குற்றமன்று. அதைக் காட்டி அச்சுறுத்துவோரும் உண்டு.

இனி, சண்டிகருக்குச் செல்லும் வழியில் நாம் தேடிப்பிடித்த முதிய மிஸ்திரி ஒருவர் செய்ததைச் சொல்கிறோம். வேனை ஓட்டிப் பார்க்கவும் இல்லை, விலை கூறவும் இல்லை. எஞ்சின் ஆறும் வரை தேநீர் அருந்தினார். பிறகு டர்போவின் பக்கம் கையை நீட்டி, தண்டையும் நெம்புகோலையும் இணைக்கும் சிறு கிளிப்பைக் கழற்றினார். கழற்றியதுதான் தாமதம், தண்டு அரை விரற்கடை அளவு உருளைக்குள் பின்வாங்கியது. நெம்புகோலோ இருந்த இடத்திலேயே நின்றது. "ஜாம் ஹோ கயா" என்றார். இறுகிவிட்டது என்று நண்பருக்குச் சொன்னோம்; சொல்ல வேண்டிய தேவையே இல்லாதபடி அவரும் கண்ணால் கண்டுவிட்டார். வில் தன் வேலையைச் செய்யத் தயாராக இருந்தது. அச்சுதான் பாதி திறந்த நிலையில் பிடித்துக்கொண்டிருந்தது.

நல்ல நிலையிலுள்ள நெம்புகோலைத் தண்டிலிருந்து விடுவித்தால், விரலால் தள்ளும் அளவுக்கு எளிதாகத் திரும்பி, மூடும்போது 'டக்' என்ற ஓசையோடு அமர வேண்டும். இதைவிட நல்ல சோதனை வேறில்லை, செலவும் இல்லை. அடுத்து உருளையைச் சோதிக்க வேண்டும். அளவுமானி பொருத்திய கைப்பம்பை அதன் குழாய் முனையில் மாட்டிச் சிறிது சிறிதாகக் காற்றடித்தால், குறித்த அழுத்தத்தில் தண்டு சில மில்லிமீட்டர் முதல் ஒரு சென்டிமீட்டர் வரை வெளிவரும். பம்பை நிறுத்தினாலும் அங்கேயே நிற்க வேண்டும். மெல்லப் பின்வாங்கினால் சவ்வு கிழிந்திருக்கிறது. அழுத்தத்தின் அளவு வண்டிக்கு வண்டி மாறும். பொதுவாக மோட்டார் டயரில் அடைக்கும் காற்றில் பாதியைச் சுற்றியே இருக்கும் என்று கொள்ளலாம். பெட்ரோல் பங்கில் டயருக்குக் காற்றடிக்கும் குழாயை நேரே இதில் வைத்துவிடக் கூடாது. சவ்வு ஒரு நொடியில் கிழியும். இல்லாத நோயைப் பணம் கொடுத்து வாங்கியதாக முடியும்.

ஓர் எச்சரிக்கை. சில வண்டிகளில் உருளைக்கு வரும் குழாய் டர்போவிலிருந்து வராமல் வெற்றிட பம்பிலிருந்து வரும். அவற்றில் சோதனை முறை தலைகீழானது; காற்றடிக்காமல் உறிஞ்சிப் பார்க்க வேண்டும். இன்னும் சிலவற்றில் கலிங்கே கிடையாது. தண்டு உள்ளிருக்கும் சிறு மடல்களைத் திருப்பும். எனவே குழாய் எங்கிருந்து வருகிறது என்று கண்ணால் தொடர்ந்து பார்த்த பின்னரே கைவைக்க வேண்டும்.

இறுகிய அச்சை விடுவிப்பதற்கு வேண்டியது பொறுமை. மிஸ்திரி துருவைத் தளர்த்தும் எண்ணெயை அச்சு உறைக்குள் நுழையுமிடத்தில் தெளித்து, ஒரு மணி நேரம் விட்டார், மறுபடி தெளித்தார். மாலையில் இடுக்கியால் நெம்புகோலை ஒரு நூலளவு முன்னே, ஒரு நூலளவு பின்னே அசைத்தார். இரவு முழுவதும் ஊறவிட்டார். காலையில் சிறு சுத்தியலால் மெல்லத் தட்டித் தட்டி அசைக்க, கரியும் செந்துருவும் கலந்த குழம்பு வெளிவந்தது. முற்பகலில் 'டக்' என்ற ஓசை கேட்டது. நீண்ட கம்பியை மாட்டி ஒரே மூச்சில் நெம்பியிருந்தால், நெம்புகோல் வளைந்திருக்கும் அல்லது அச்சு முறிந்திருக்கும். பிறகு முதற்பட்டறையார் சொன்னதே மெய்யாகியிருக்கும். எண்ணெய் தெளிப்பது ஆறிய எஞ்சினில் மட்டுமே. சூடான டர்போ மீது தெளித்தால் தீப்பற்றும். எண்ணெயில் ஊறிய பாகத்துக்கு நெருப்புக் காட்டுவதும் அவ்வாறே. விடுவித்தபின் சிலர் அன்போடு கிரீஸ் தடவுவார்கள். அந்தக் கிரீஸ் கருகிக் கரியாகி, அடுத்த மாதமே அச்சை மறுபடி பிடிக்கும். மிகுந்த உஷ்ணத்தைத் தாங்கும் செம்பு அல்லது நிக்கல் பசை கிடைத்தால் சிறிது இடலாம். கிடைக்காவிடில் வெறுமனே விடுவதே மேல். முதன்முறை எஞ்சினைக் கிளப்பும்போது தெளித்த எண்ணெய் புகைந்து எரியும். அதைத் திறந்த வெளியில் செய்ய வேண்டும்.

தண்டை மறுபடி மாட்டும்போது ஒரு நுணுக்கம். நெம்புகோல் மூடிய நிலையில் இருக்க, தண்டைச் சற்றே வெளியே இழுத்துத்தான் மாட்ட முடிய வேண்டும். அந்த இழுப்புத்தான் தகட்டை அழுத்தி மூடிவைக்கிறது. தண்டின் நீளத்தை மாற்றும் மரைகள் சில வண்டிகளில் உண்டு. அவற்றைத் தொடாதிருப்பது நன்று. தொட நேர்ந்தால், எத்தனை சுற்று என்று எண்ணி, முன்பிருந்த இடத்திலேயே நிறுத்த வேண்டும். தண்டைக் குறுக்கினால் கலிங்கு தாமதமாகத் திறக்கும். அழுத்தம் எல்லை மீறும்.

இதைத் தெரிந்தே செய்வோர் இருக்கிறார்கள் என்பதால்தான் அழுத்திச் சொல்கிறோம். "பிக்கப் நஹீம்" என்று முறையிடும் ஓட்டுநரிடம், சில பட்டறைகளில் மெல்லிய குழாயைக் கழற்றித் திருகாணியால் அடைத்துவிடுவார்கள். நெம்புகோலைக் கம்பியால் கட்டிவிடுபவரும் உண்டு. வண்டி பாய்ந்து செல்லும். ஓட்டுநர் கைகுலுக்கிப் பணம் கொடுப்பார். ஊரில் பேராசைக்காரர் சிலர் கலிங்கின் மேல் மண்ணும் பலகையும் வைத்து அடைத்து ஏரியில் கூடுதல் நீர் பிடிப்பதுண்டு. கரை உடைந்த இரவில் அவர்களுடைய வீடும் சேர்ந்தே போகும். பன்னிரண்டு பேரை ஏற்றிய வண்டியில் இச்செயலைச் செய்யச் சொல்லவும் கூடாது, செய்ய விடவும் கூடாது. மலையில் வண்டி வலுவிழந்தால் எஞ்சினை நிறுத்தி உருண்டு இறங்குவதும் தவறு. எஞ்சின் நின்றால் பிரேக்குக்குத் துணைசெய்யும் வெற்றிடமும் சிறிது நேரத்தில் தீர்ந்துவிடும். தாழ்ந்த கியரில், எஞ்சின் ஓடும் நிலையிலேயே இறங்க வேண்டும்.

வட மாநிலங்களில் பட்டறைக்குச் செல்லும் நம்மவருக்குச் சில சொற்கள் கைகொடுக்கும். கரும்புகை 'காலா துவாம்'; நீலப்புகை 'நீலா துவாம்'. சீழ்க்கை ஒலி 'சீட்டி'. இன்ன ஏற்றத்தில், இன்ன கியரில், இத்தனை பேர் இருக்கையில் என்று நிகழ்ந்ததைச் சொல்வதோடு, "பஹலே ராட் கோல்கர் திகாயியே", அதாவது முதலில் தண்டைக் கழற்றிக் காட்டுங்கள் என்று கேட்பது மிக உதவும். கேட்பதில் குற்றமில்லை, நல்ல தொழிலாளி அதனால் மகிழ்வாரேயன்றிச் சினம் கொள்ளார். முதற்பட்டறையார் வஞ்சகர் என்று நாம் சொல்ல வரவில்லை. இரண்டு நாள் ஒரு சிறு அச்சோடு மல்லாடுவதைவிட, முழு டர்போவை அரை நாளில் மாற்றித் தருவது அவர்களுக்கு எளிது. மாற்றியபின் வண்டி ஓடவும் செய்யும். அச்சும் அது திரும்பும் துளையும் தேய்ந்து, தகடு லொடலொடவென்று ஆடும் வண்டிகளில் அவர்கள் சொல்வதே சரியும் ஆகும்.

நண்பருடைய செலவு, மிஸ்திரியின் இரு நாள் கூலி, எண்ணெய் ஒரு டப்பி, விரிசல் கண்டிருந்த மெல்லிய ரப்பர்க் குழாய்க்குப் பதிலாக ஒரு முழம் புதுக்குழாய், அவ்வளவே. மிஸ்திரி விடைகொடுக்கும்போது இரண்டு பழக்கங்களைச் சொல்லி அனுப்பினார். வாரம் ஒருமுறை நெடுஞ்சாலையில் அரைமணி நேரமேனும் எஞ்சினுக்குப் பாரம் கொடுத்து ஓட்ட வேண்டும். அப்போதுதான் கலிங்கு திறந்து மூடிப் பழகும். ஏற்றம் ஏறி முடித்ததும் எஞ்சினை உடனே நிறுத்தாமல் ஒரு நிமிஷம் மெல்ல ஓடவிட வேண்டும். இல்லையேல் கொதிக்கும் டர்போவின் அச்சில் எண்ணெய் தேங்கிக் கருகும். எண்ணெய் மாற்றும்போதெல்லாம் கிளிப்பைக் கழற்றி அந்த 'டக்' ஓசையைக் கேட்பது நண்பர் தாமாகச் சேர்த்துக்கொண்டது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஆளில்லாமல் வேனைத் தரம்பூர் வரை ஓட்டிப் பார்த்தார். மூன்றாவது கியரில் ஏறியதாகவும், சீழ்க்கை கேட்டதாகவும் தொலைபேசியில் சொன்னார்.